கஞ்சித் தூக்கும் கிருபையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு வாசல் வழியாக வந்தாலும், ஒரே கேள்வியில் போய் நிற்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் அம்மா கத்தோலிக்கர். நான் திருமணமாகி வந்த குடும்பம் வேறொரு சபையைச் சேர்ந்தது. அம்மா ஏறத்தாழ 30 ஆண்டுகளாக, வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றி, அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். இப்போது பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக எங்கள் வீட்டில் இருக்கிறார். ஜெபிக்க வந்த மூப்பர் ஒருவர், "நற்கிரியை யாரையும் இரட்சிக்காது, இதெல்லாம் தேவனுக்கு முன்பாக அழுக்கான கந்தை" என்று அம்மாவின் காதுபடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் செஞ்சது எதுவுமே கணக்குல வராதா?" என்று இரவில் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது? (அம்மாப்பேட்டை வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூப்பர் எடுத்துச் சொன்ன வசனம் ஏசாயா 64:6. அதை அது இருக்கும் இடத்திலேயே வைத்துப் படித்தால், ஒரு ஜனம் தேவனுக்கு முன் நின்று, "எங்களுடைய நீதிகளெல்லாம்" என்று தன்னைக் குறித்துத் தானே செய்துகொள்ளும் பாவ அறிக்கை அது என்பது விளங்கும். அந்த ஜெபத்தை நான் என்னைக் குறித்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். படுத்துக் கிடக்கும் இன்னொருவரின் தலைமாட்டில் நின்று, அவரைச் சுட்டிச் சொல்வதற்கு எனக்கு அந்த வசனம் கொடுக்கப்படவில்லை. அதே ஏசாயா, ஆறு அதிகாரங்களுக்கு முன்பு, தேவனுக்குப் பிரியமான உபவாசம் எது என்று கேட்டு, பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதுதான் என்று எழுதியிருக்கிறார். உங்கள் அம்மாவின் தூக்கில் இருந்தது அந்த ஆகாரம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்துபோகிறாள். பேதுரு மேல்வீட்டுக்கு ஏறி வரும்போது விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டு அவரைச் சூழ்ந்து நின்று, அவள் உயிரோடு இருந்தபோது தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உடுப்புகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த அறையில் யாரும் அவற்றைக் கந்தை என்று சொல்லவில்லை. பேதுருவும் சொல்லவில்லை.

ஆனாலும் மூப்பர் சொல்ல வந்ததில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நான் மறைத்தால் உங்களுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். நாம் செய்த நன்மைகளைக் கூட்டிப் பார்த்து, இவ்வளவு சேர்ந்துவிட்டது, இனி தேவன் என்னை ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்று நிற்க எவராலும் முடியாது. பவுல் எபேசியருக்கு எழுதும்போது, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்றும், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்றும் தெளிவாகச் சொல்கிறார். ஆனால் நம்மில் பலர் அந்த 2ஆம் அதிகாரத்தின் 8, 9 ஆகிய வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த வசனத்திலேயே, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும், நாம் அவற்றில் நடக்கும்படி தேவன் முன்னதாகவே அவற்றை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார் என்றும் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கஞ்சி, உங்கள் அம்மா தேவனுக்குச் செலுத்திய விலை ஆகாது; தேவன் உங்கள் அம்மாவின் கையில் கொடுத்த வேலை அது. இரட்சிப்புக்கு விலையாக அதை எண்ணுவது எவ்வளவு தவறோ, அதை வீண் என்று தள்ளுவதும் அவ்வளவு தவறு.

"விசுவாசத்தினால் மட்டும்" என்ற போதனை எங்கே பிறந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1505இல் எர்ஃபர்ட் நகரத்து அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்து, உபவாசம், இரவு விழிப்பு, நீண்ட நேரப் பாவசங்கீர்த்தனம் என்று உடலை வருத்தியும், செய்தது போதுமா என்ற பயம் விடாமல் வாடியவர். ரோமர் நிருபத்தில் தேவநீதி என்பது தேவன் மனிதனிடம் கேட்டு வாங்கும் ஒன்றாக இல்லாமல் அவனுக்குக் கொடுக்கும் ஒன்றாக இருப்பதைக் கண்டபோதுதான் அவர் மனம் ஆறியது. அதாவது, உங்கள் அம்மா இன்று இரவில் கேட்கிறாரே, அதே கேள்வியோடு அழுதவருக்குக் கிடைத்த ஆறுதல்தான் அந்தப் போதனை. அதையே எடுத்து அழுகிறவரை அடிக்கும் கோலாக்குவது எனக்கு மிகுந்த மனவேதனை தருகிறது.

அம்மாவின் சொந்தத் திருச்சபையும் நற்செயல்களால் மீட்பை வாங்கலாம் என்று போதிப்பதில்லை. லூத்தரின் போதனைக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம், 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையின் முதல் விதியிலேயே, கிறிஸ்து வழியாக வரும் தெய்வீக அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் ஒருவன் கடவுளுக்கு ஏற்புடையவனாக முடியும் என்று சொல்பவரைக் கண்டிக்கிறது. பல நூற்றாண்டுப் பிணக்குக்குப் பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியினாலும் இல்லாமல், கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அப்படி ஏற்றுக்கொள்ளும்போதே தூய ஆவியானவர் இருதயத்தைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு நம்மை அழைக்கிறார் என்றும் இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006இல் மெதடிஸ்துகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இதில் இணைந்தன. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தகுதி, பலன் என்ற சொற்களைப் பற்றி இன்றும் இரு தரப்பும் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் மருமகன் ஒரு மதம், மாமியார் ஒரு மதம் என்பதுபோல் யாராவது பேசினால், இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இன்றிரவு அம்மா கேட்டால் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசியுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் வலதுபக்கத்தில் நிற்பவர்கள், "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கையில் கணக்கே இல்லை. கணக்கு வைத்திருந்தவர் அவர். வாசித்து முடித்ததும், "அம்மா, நீங்கள் கணக்குக் கொடுக்கத் தேவையில்லை; இயேசு உங்களைத் தம்முடையவராக ஏற்றுக்கொண்டிருக்கிறார்; நீங்கள் கொண்டுபோன கஞ்சியை அவர் குடித்திருக்கிறார்" என்று சொல்லுங்கள். அவர்களுடைய பங்குத்தந்தையை அழைத்து நோயிற்பூசுதலும் நற்கருணையும் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் வீட்டார் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

கேள்வி: விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறோம் என்று பவுலும், விசுவாசத்தினால் மாத்திரமல்ல என்று யாக்கோபும் எழுதியிருக்கிறார்களே! வேதம் தனக்குத்தானே முரண்படுகிறதா? லூத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று சொன்னது உண்மையா? (சூரமங்கலம் வாசகர்)

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மைதான். 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அப்படி எழுதினார். பின்னால் வந்த பதிப்புகளில் அந்தப் பகுதியை விட்டுவிட்டார். அதே மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28இல், கிரேக்க மூலத்தில் இல்லாத "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்தார். எதிர்ப்பு எழுந்தபோது, ஜெர்மன் மொழியின் இயல்பு அந்தச் சொல்லைக் கேட்கிறது என்று 1530இல் ஒரு திறந்த கடிதமே எழுதி வாதாடினார்.

இதில் தமிழ் வாசகன் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்" என்று இருக்கிறது. "மட்டும்" என்ற சொல் அதில் இல்லை. ஆனால் ஓர் ஏகாரம் இருக்கிறது. அது வலியுறுத்தும் தேற்றேகாரமா, மற்றதை விலக்கும் பிரிநிலை ஏகாரமா என்று கேட்டால், இரண்டுமாக நிற்கிறது என்றே சொல்வேன். லூத்தர் ஒரு தனிச் சொல்லைச் சேர்த்துச் செய்ததை, நம் மொழி ஒற்றை எழுத்தில் செய்துவிட்டது. மாறாக, "விசுவாசம்", "மாத்திரம்" என்ற இரண்டும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்து வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கே "மாத்திரமல்ல" என்று மறுப்போடு வருகிறது.

இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்; ஆனால் வேறு வேறு நாளில் அழைக்கிறார்கள். பவுல் பார்ப்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. அப்போது அவருக்குப் பிள்ளையும் இல்லை, விருத்தசேதனமும் இல்லை. இரவு வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து, தேவன் சொன்ன வார்த்தையை நம்பினார். அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு பார்ப்பது 22ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு மோரியா மலை ஏறும் ஆபிரகாமை. இடையில் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. முதல் நாளில் தேவன் ஏற்றுக்கொண்ட விசுவாசம் உயிருள்ளதுதான் என்பது பிந்திய நாளில் வெளிப்பட்டது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளை அறிந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது: கல்லில் உரைத்துப் பார்ப்பதால் வெள்ளி உண்டாவதில்லை, ஆனால் உரைக்கவே விடாத வெள்ளியை யாரும் நம்பி வாங்குவதில்லை.

இருவருக்கும் எதிரில் நின்றவர்களும் ஒருவர் அல்லர். பவுல், விருத்தசேதனமும் நியாயப்பிரமாணமும் இல்லாமல் புறஜாதியாரைச் சேர்க்க முடியாது என்றவர்களோடு போராடினார். யாக்கோபு, சரியான உபதேசத்தை வாயால் ஒப்புக்கொண்டுவிட்டுப் பசித்தவனைக் கண்டும் காணாமல் போனவர்களைக் கடிந்துகொண்டார். தேவன் ஒருவர் என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர் எழுதும்போது, வெறும் ஒப்புக்கொள்ளுதலைத்தான் விசுவாசம் என்று குறிக்கிறார். பவுல் அந்தச் சொல்லை அப்படி எங்கும் சுருக்கவில்லை. "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர். விசுவாசம் என்ற சொல்லைத் தமிழர் வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். "உண்ட வீட்டுக்கு விசுவாசமாக இரு" என்கிறோம். அங்கே எவரும் மனதில் வைத்திருக்கும் கருத்தை மட்டும் குறிப்பதில்லை. நன்றி, பற்றுறுதி, விட்டு விலகாமை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. லூத்தரும் இதை அறிந்தே இருந்தார். வெப்பத்தையும் ஒளியையும் நெருப்பிலிருந்து பிரிக்க முடியாததுபோலக் கிரியையை விசுவாசத்திலிருந்து பிரிக்க முடியாது என்று ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: நான் வைணவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். உங்கள் பதில்களை விருப்பத்தோடு படிக்கிறேன். மனித முயற்சியா, இறைவனின் அருளா என்ற இந்த வழக்கு எங்களிடமும் உண்டு. இரண்டும் ஒன்றுதானா? (செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் எடுத்துக்காட்டியதை நான் என் இளமையில் ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். அதன்பின் ரோமர் நிருபத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு குட்டிகளும் என் நினைவுக்கு வருவதுண்டு. திருச்சபையிலும் 5ஆம் நூற்றாண்டில், மனிதன் தன் சுயசித்தத்தாலேயே நன்மையைத் தெரிந்துகொண்டு நடக்க முடியும் என்று பெலாஜியு என்ற துறவியும், அருள் முந்தாமல் ஒருவனும் அசைய முடியாது என்று அகுஸ்தீனாரும் வாதிட்டனர். 529இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், விசுவாசத்தின் தொடக்கமே அருளால்தான் என்று தீர்மானித்தது.

கேள்வியின் வடிவம் ஒன்றாக இருப்பதால் பதிலும் ஒன்றென்று சொல்ல நான் துணியவில்லை. கிறிஸ்தவர் அருள் என்று சொல்லும்போது சிலுவையில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சுட்டியே சொல்கிறோம். அதை எடுத்துவிட்டால் எங்கள் சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போய்விடும். ஆனால் உங்கள் பெரியவர்கள் அந்தப் பூனைக்குட்டியின் செயலின்மையைச் சோம்பலுக்குச் சாக்காகச் சொல்லவில்லை என்பதை நம்மில் சிலர் உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்வன் கடைசி நேரத்தில் பரதீசுக்குப் போனான் என்றால், வாழ்நாள் முழுவதும் நல்லவனாக இருப்பானேன்? (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: லூக்கா 23ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். அவனுக்குக் கையும் காலும் அசையவில்லை; நாவு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அந்த நாவால் பக்கத்தில் நிந்தித்தவனைக் கடிந்துகொண்டான், தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான், குற்றமற்றவருக்காகப் பேசினான், பிறகே தன்னை நினைத்தருளும்படி கேட்டான். சீஷர்கள் பலர் ஓடி ஒளிந்திருந்த நேரத்தில் இயேசுவுக்காகப் பேசியது அவன் நாவு. நமக்கோ கையும் காலும் நாளும் மிச்சம் இருக்கின்றன.

கேள்வி: காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை செய்கிறோம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் மேஸ்திரி, தான் இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் சாட்சி கூறுபவர். ஆனால் எடை போடும்போது சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தே எழுதுகிறார். கேட்டால், "நான் கிருபையில் இருக்கிறேன், கிரியையில் இல்லை" என்கிறார். அவர் இரட்சிக்கப்பட்டவர்தானா? (ஏற்காடு, பெயர் வேண்டாம்)

பதில்: அவர் இரட்சிக்கப்பட்டவரா என்ற தீர்ப்பு உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் அந்தத் தராசைப் பற்றி வேதம் பேசியிருக்கிறது. வயலை அறுத்த வேலைக்காரரின் கூலி அநியாயமாகப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டது என்றும் யாக்கோபு 5:4 சொல்கிறது. சகேயு என்ற வரி வசூலிப்பவன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். சகேயு அந்தப் பணத்தைக் கொடுத்து இயேசுவை வீட்டுக்கு வாங்கவில்லை. இயேசு தாமாகவே அவன் வீட்டில் தங்க வந்தார். வந்தவரை உண்மையாகவே ஏற்றுக்கொண்டதால் அவன் பணப்பையின் வாய் திறந்தது. கிருபையில் இருக்கிறேன் என்று சொல்கிறவரின் தராசும் அந்தக் கிருபைக்குள் வர வேண்டும்.

இதை எழுதும்போது நான் என்னையும் விலக்கி வைக்க முடியாது. உபதேசியாராக நான் ஏற்காட்டுக்கு வந்த முதல் ஆண்டு, மார்கழி மாதம், ஒரு தோட்டத்து லைன் வீட்டில் காய்ச்சலாகக் கிடந்த பாட்டியம்மாவுக்காக ஜெபிக்கப் போனேன். மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு சாக்குகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்துப் போர்த்தியிருந்தார். நான் நீண்ட ஜெபம் செய்து, சமாதானத்தோடு இருங்கள் என்று சொல்லிவிட்டு, என் கம்பளியைப் போர்த்திக்கொண்டே வீடு திரும்பினேன். "அந்த அம்மாவுக்குப் போர்த்திக்க என்ன இருந்துச்சு?" என்று என் மனைவி கேட்டபோதுதான், "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவனைப் பற்றி யாக்கோபு எழுதிய வசனம் எனக்கு நினைவு வந்தது. நான் அதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு வந்திருந்தேன். இருட்டியபின் டார்ச் விளக்கோடு திரும்பிப் போய்க் கம்பளியைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாமி, இப்பதான் ஜெபம் முடிஞ்சுது" என்றார்.

உங்கள் மேஸ்திரியிடம் முதலில் நீங்கள் தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மத்தேயு 18ஆம் அதிகாரம் காட்டும் வழி அது. கோபமாகப் பேச வேண்டாம். ஆனால் ஒரு வாரத்து எடைச் சீட்டுகளைக் கையில் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு மூட்டையையும் வெறும் சாக்கையும் தனித்தனியாக உங்கள் கண் முன்னால் நிறுத்தும்படி கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால், இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். பறிப்பு முடிவதற்குள் நான் உங்களோடு வருகிறேன்.